நான்கு நெல் உயரத்தில் ஒரு பெயர்

கடல் காலையில் எழுந்து உங்கள் வாசற்படியில் வந்து நின்றால் முதலில் எதைத் தூக்கி மேலே வைப்பீர்கள்? நான் செருப்பைத்தான் வைத்தேன். பிறகு விதைக்கு வைத்திருந்த உருளைக்கிழங்குச் சாக்கை, பிறகு கதவோரம் கிடந்த, என் வீட்டுக்காரர் ரெக்ஸின் கருவிப் பெட்டியை. எல்லாம் மேலே ஏறிய பிறகுதான் இது கடல் அல்லவா என்று உறைத்தது. அதற்குள் என் மகள் மெரின், நாலு வயதுக்காரி, படியில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் அதற்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

எட்டு வயதில், கடல் ஊருக்குள் ஏறி வந்த அன்று தப்பி ஓடி, எங்கள் குமரிக்கரை மாதா கோவிலின் மாடியில் ஏறி நின்றவள் நான். அன்றிலிருந்து கடலில் கால் வைத்ததில்லை. ஆகவே பிள்ளையை ஒரே இழுப்பில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இஞ்ச ஓடி வாருங்க" என்று கத்தினேன். ரெக்ஸ் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"ஏட்டி அமலி, இது அலை இல்ல. பாரு, நிக்குது."

நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு சேலை அகலத்துக்கு மேல் இல்லை. துறையிலிருந்து கிளம்பி, சாலையோடு மேடேறி, காட்டுப் பழப்புதர்களுக்கு நடுவே வளைந்து, அக்கம்பக்கத்து வாசல் ஒன்றையும் தொடாமல் நேரே எங்கள் படிக்கு வந்து, உள்ளே கூப்பிடாமல் வராத விருந்தாளி மாதிரி, உள்ளங்கை நீளத்துச் சின்ன மீன்கள் நாலைந்து தன்னுள் சுற்றிக்கொண்டிருக்க, அப்படியே நின்றது. உப்புகூட அவ்வளவாக இல்லாத கடல் அது. ரசத்துக்குக் காணாது.

இந்த ஊரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. தோர்விக் என்பது சுவீடன் நாட்டின் வடக்கே, பனிக்காலத்தில் கடலே கெட்டியாகிவிடுகிற கரைக்கு எதிரே, படகில் முக்கால் மணிநேரத் தூரத்தில் கிடக்கிற சின்னத் தீவு. பனிக்காலத்தில் நாற்பத்தொரு பேர், கோடையில் வந்து போகிறவர்களைச் சேர்த்தால் முந்நூறு. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் தெற்கேயிருந்து மீனவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளையும் பசுவையும் ஆட்டையும் படகில் ஏற்றிக்கொண்டு கோடைக்கு மட்டும் மீன்பிடிக்க வந்து, தண்ணீரின் விளிம்பில் ஒரு மரக்கோவிலைக் கட்டி, எந்தக் குடும்பம் எந்த இடத்தில் வலை போடுவது என்று அந்தக் கோவிலுக்குள்ளேயே ஒரு தோல்பையில் கற்களைப் போட்டுக் குலுக்கி எடுத்து, பனிக்குமுன் திரும்பிப் போய், மறுபடி வந்து, மறுபடி போய், ஒரு வருடம் போக மறந்து தங்கிவிட்டார்கள்.

அவர்கள் தங்கினார்கள், கடல் தங்கவில்லை. இங்கே நிலம் வருடத்துக்கு ஒரு நெல்லின் நீளம் உயர்கிறது. ஒரு காலத்தில் மலையத்தனை பனிக்கட்டி இந்த மண்ணின்மேல் உட்கார்ந்திருந்ததாம். அது எழுந்துபோன பிறகு, ஆள் எழுந்த மெத்தை மாதிரி மண் இன்னும் நிமிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் தண்ணீர் விளிம்பில் கட்டிய கோவில் இப்போது காட்டுக்குள் இருக்கிறது; படகு கட்டிய இரும்பு வளையம் பாசி பிடித்த பாறையொன்றில், சுற்றிலும் மரங்கள் நிற்க, தொங்கிக்கொண்டிருக்கிறது; படகுக் கொட்டில்களை உருட்டுக்கட்டைமேல் வைத்துத் தள்ளித் தள்ளி நான்கு முறை கடலின் பின்னால் கொண்டுபோயிருக்கிறார்கள். துறையோரத்தில் நீண்டு சரிந்த ஒரு பாறை உண்டு. அதில் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பவை பழைய பெயர்கள், கீழே வரவரப் புதியவை. ரெக்ஸுக்குப் படகில் இயந்திரம் பார்க்கிற வேலை கிடைத்து நாங்கள் வந்து இறங்கிய முதல் நாளே அதைப் பார்த்தேன். அந்த ஊர்க்காரர்கள் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

கடல் வந்த அன்று காலை மெரினை மழலையர் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டுமே என்று யோசித்து, பிறகு கூட்டிப்போனேன். கடலும் வந்தது. மெரின் நின்றால் நின்றது, நத்தையைப் பார்க்க அவள் குனிந்தபோது அதுவும் கொஞ்சம் தாழ்ந்தது. பள்ளியில் லினேயா டீச்சர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கோட்டு மாட்டுகிற அறையில் மெரினின் கொக்கிக்குப் பக்கத்தில் இன்னொரு கொக்கியைக் காட்டி, அதன்கீழே ஒரு வாளியை வைத்தாள். "உள்ளே வரும்போது எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும்," என்று பொதுவாகச் சொன்னாள். கடல் தன் மீன்களையெல்லாம் வாளியில் விட்டுவிட்டுச் சாயங்காலம் வரை வாசலிலேயே இருந்தது.

அங்கிருந்து கடைக்குப் போனேன். கடையை நடத்துகிற குன்வோர்தான் ஊரின் துறைத்தலைவி. அறுபது வயது, கதவை அடைக்கிற தோள்கள். இந்த ஊரில் யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வளையாது. வந்த நாளிலிருந்து அக்கா சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன், அவரும் அது தன் பெயரின் பின்பாதி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்.

"உன் வீட்டுக்குக் கடல் வந்ததாமே," என்றார்.

"ஆமா குன்வோர் அக்கா. சாயங்காலம் பிள்ளையோட இங்கயும் வரும். கீழ்த்தட்டில இருக்கிற மாவையெல்லாம் மேல ஏத்தட்டுமா?"

"ஏற்று. உனக்குத் தொந்தரவு இல்லையென்றால்."

அவ்வளவுதான் பேச்சு. தொந்தரவு இல்லையென்றால் என்பது இந்த ஊரின் உப்பு, அது இல்லாமல் ஒரு வாக்கியமும் இறங்காது. 'ஆமாம்' என்பதையும் இவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுப்பார்கள், சுடுகாப்பியை உறிஞ்சுகிற சத்தம் வரும், அதுதான் சம்மதம். வந்த புதிதில் எல்லோருக்கும் இளைப்பு நோய் என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு அதற்கும் மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

கடலுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. மறுநாள் அது என் உருளைக்கிழங்குப் பாத்தியை மிதிக்கப் பார்த்தபோது துடைப்பத்தோடு குறுக்கே நின்று, "பாத்தியில காலு வச்சா பிறவு பாரு" என்று என் ஊர்ப் பேச்சில் சொன்னேன். கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு மூச்சு உள்ளே போயிற்று. அன்றிலிருந்து பாத்தியைச் சுற்றித்தான் வந்தது.

ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. தபால்காரப் பெண் எங்கள் தெருவுக்கு மட்டும் முழங்கால் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டாள். பெருநிலத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி, இது சாலையா நீர்வழியா என்று அளவுநாடா பிடித்துப் பார்த்து, முடிவு தெரியாமல், இரண்டுக்கும் பொதுவாக 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகை நட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை மெரின் கோவிலுக்கு வந்தபோது, இருநூறு வருடங்களுக்குமேல் அந்தப் பக்கமே வராத கடல் கோவில் வாசலுக்கு வந்தது. படகுக் கேப்டன் ஸ்டீக் தன் சின்னத் தோணியில் காட்டுக்குள் மிதந்து வந்து, அந்தத் துருப்பிடித்த வளையத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி இறங்கிப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தான். கடல் ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் அவர்கள் கேட்காதது ஒன்றும் பெரிதாகப் படவில்லை, புதிதாக வந்தவள் எதற்கு முதலில் கேட்பது என்றிருந்தேன்.

இதற்கிடையில் ஊருக்குள் வேறொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. நிலம் உயர உயரத் துறை மேடாகி, பெருநிலத்துக்குப் போய்வரும் பெரிய படகின் அடிவயிறு தரையில் உரசியது. பனிக்காலத்துக்குமுன் ஆழம் கூடாவிட்டால் படகு இனி வராது என்று கடிதம் வந்திருந்தது. இரண்டு முறை தோண்டியும் பார்த்தார்கள். தோண்டத் தோண்ட மண் நிமிர்ந்தது. படகு இல்லாவிட்டால் பள்ளி இல்லை, கடை இல்லை, ரெக்ஸுக்கு வேலை இல்லை.

மே மாதக் கடைசியில் ஒருநாள் மெரின் அப்பாவுக்குக் கைகாட்ட வேண்டுமென்று அடம்பிடித்துத் துறைப்பாலத்தின் நுனிக்குப் போய் நின்றாள். கடல் அவளைச் சுற்றிக் கூடி ஆள் மார்பளவு உயர்ந்தது. வழக்கமாகத் தரையில் கர்ரென்று உரசி, எல்லோர் பல்லையும் கூசவைத்து நிற்கிற படகு, வெண்ணெயில் கத்தி மாதிரி வந்து நின்றது. ஸ்டீக் சன்னலில் தலையை நீட்டி, என்னைப் பார்த்தான், மெரினைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், மூச்சை உள்ளே இழுத்தான்.

மறுநாள் குன்வோர் ஏலக்காய் ரொட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

"மெரின் படகு வரும் நேரத்துக்குப் பாலத்தில் நின்றால் நல்லது. தொந்தரவு இல்லையென்றால்."

அன்றைக்கு நான் சரி என்றேன். பிள்ளைக்கு ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். தச்சன் ஒரு முக்காலி செய்தான், யாரோ அதற்கு நீல வண்ணம் அடித்தார்கள். ஏழு பத்துக்கு, பன்னிரண்டு நாற்பதுக்கு, ஐந்தரைக்கு. படகு நேர அட்டையின் அடியில், மெரினுக்குக் காய்ச்சல் என்றால் படகு வராது என்று ஒரு வரி சேர்ந்தது. ஊரே அவள் தும்மினால் எட்டிப் பார்த்தது. தேன், கம்பளி உறை, கிளவுட்பெர்ரிப் பழப்பாகு என்று வீடு நிறைந்தது. என் பிள்ளையை இத்தனை பேர் கொண்டாடுகிறார்களே என்று கொஞ்சநாள் பூரித்துத்தான் போயிருந்தேன், மறைப்பானேன்.

பிறகு ஒரு புதன்கிழமை வந்தது. புதன்கிழமைகளில் லினேயா பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவாள், நெருப்பு மூட்டி ரொட்டி சுடுவார்கள். காட்டிலிருந்து பன்னிரண்டு நாற்பதுக்குள் திரும்ப முடியாது. மற்ற ஐந்து பிள்ளைகளும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பாடிக்கொண்டு போனார்கள். மெரின் நீல முக்காலியில் உட்கார்ந்து, அவர்கள் மரங்களுக்குள் மறைகிறவரை பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா, நான் வளர்ந்து பெரிசான பிறவு காட்டுக்குப் போலாம், இல்லியா?"

"யாரு சொன்னா மக்களே?"

"யாரும் சொல்லல்ல. நானே நெனச்சேன்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது ரெக்ஸிடம் சொன்னேன். "பிள்ளையை நங்கூரமாப் போட்டிருக்கோம். நம்மதான் போட்டிருக்கோம்." அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "படகு நின்னா நின்னுட்டுப் போவுது அமலி. கையில தொழில் இருக்கு, வேற ஊரா இல்ல" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்துவிட்டது. ஆனால் எனக்கு வேறு ஊர் வேண்டாம். இந்த ஊர்தான் வேண்டும், பிள்ளைக்குக் காடும் வேண்டும்.

நடுக்கோடைத் திருநாளில் ஊர் முழுக்கத் துறையில் கூடி, பூச்சுற்றிய கம்பத்தைச் சுற்றி ஆடி, வெயிலில் கிடந்தார்கள். பிள்ளைகள் பெயர்ப்பாறையில் குப்புறப் படுத்து எழுத்துக்களில் விரல் விட்டு விளையாடினார்கள். இது நான், இது என் அண்ணன், இது என் அம்மா, இது என் அம்மாவின் அம்மா என்று ஒவ்வொன்றும் மேலே மேலே ஊர்ந்து போயிற்று. மெரின் கீழ்வரிசையை இடமிருந்து வலமாகத் தடவிக்கொண்டே வந்தாள். வரிசை முடிந்தது. பாறை வெறுமையாயிற்று. நிமிர்ந்து, இந்த ஊர்ப் பாஷையில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"என் பெயர் எங்கே?"

அக்கார்டியன் நின்றது. நாற்பது பேர் தங்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். கடல் அவள் குதிகாலைத் தொட்டுக்கொண்டு அசையாமல் இருந்தது. கடல் எதைத் தேடி வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது, நாற்பது பேருக்கும் விளங்கிவிட்டதும் முகத்தில் தெரிந்தது.

"பிள்ளை பிறந்தபிறகு வருகிற முதல் கோடையில் தாய் வெட்டுவாள்," என்றார் குன்வோர், காது வரை சிவந்து. "அந்த வருடத்துத் தண்ணீர் தொட்ட இடத்தில். கடலுக்கு இந்தப் பிள்ளை இன்னாள் என்று தெரிய வேண்டுமல்லவா."

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"நீ வேறு ஊர்க்காரி. உனக்கு வேறு வழக்கம் இருக்கும். கட்டாயப்படுத்தினதாக ஆகிவிடக் கூடாது என்று... நீயே கேட்பாய் என்றிருந்தோம்."

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நான் இருந்தேன்!"

நாலு கோடை இப்படி ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு மரியாதையாக இருந்திருக்கிறோம். பொறுத்துப் பார்த்து, கடைசியில் கடல்தான் மரியாதையை விட்டுவிட்டுக் கிளம்பி, பெயர் தெரியாத பிள்ளையைத் தேடி நேரே வீட்டுக்கு வந்திருக்கிறது.

மறுநாள் கோவிலில் துறைக்கூட்டம். மெரின் முதல் பலகையில் உட்கார்ந்து காலாட்ட, கடல் வாசற்படியில் காத்திருந்தது. பெயரை வெட்டினால் அது திரும்பிப் போய்விடும், துறை மறுபடி மேடாகும், படகு நிற்கும். வெட்டாவிட்டால் பிள்ளை முக்காலியில். இதைச் சொல்ல ஒரு மணிநேரம் ஆயிற்று, ஏனென்றால் யாரும் யாரையும் நோகவைக்க விரும்பவில்லை. கடைசியில் ஸ்டீக், பழைய வழக்கப்படி கல்லைக் குலுக்கி எடுத்துவிடலாமே என்றான். குன்வோர் தோல்பையை மேசைமேல் வைத்தார்.

நான் எழுந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் துடைப்பம் பிடித்துக் கடலோடு பேசியாயிற்று, மனிதரோடு பேசுவதா பெரிது.

"வலை போடுற இடத்துக்குச் சீட்டுப் போடுங்க. என் பிள்ளைக்குச் சீட்டுப் போட விடமாட்டேன். அவ பேரை நான் வெட்டத்தான் போறேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். நாலு தடவை கொட்டிலைப் பேத்து கடலுக்குப் பின்னால போன ஊரு இது. முந்நூத்தம்பது வருசமா நீங்க கடலுக்குப் பின்னால நடந்தீங்க. இப்ப ஒரு முக்காலியைப் போட்டு, கடலை உங்களுக்குப் பின்னால நடக்கவச்சா எப்படி? வெளிப்பாறை பக்கத்தில ஆழம் கிடக்குன்னு ரெக்ஸ் சொல்லுதார். அஞ்சாவது தடவை பேத்துட்டுப் போங்க."

"கட்டைமேல் வைத்து உருட்டிய ஆட்கள் எல்லாம் இதோ வெளியே மண்ணுக்குள் இருக்கிறார்கள்," என்றான் ஸ்டீக். "எங்கள் முதுகைப் பார்த்தாயா? என் முதுகு டாக்டருக்குச் சொந்தம்."

"உருட்ட வேண்டாம். மிதக்கவைப்போம். கடைசியா ஒரு வேலை மெரின் செய்வா. அவகிட்ட நானே கேக்கேன்."

கேட்டேன். கொட்டில்கள் எல்லாம் நீந்துமா என்றாள். நீந்தும் என்றேன். அப்படியானால் சரி என்றாள். அந்தச் சரியை அவள் மூச்சை உள்ளே இழுத்துச் சொன்னபோது கோவிலே சிரித்துவிட்டது.

அந்த ஜூலை மாதம் ஒன்பது நாள், வேலை இருந்தவன் வேலையை விட்டான், கோடைக்கு ஓய்வெடுக்க வந்தவன் ஓய்வை விட்டான். பாலத்தின் மரங்களைப் பிரித்தார்கள், ஏழு கொட்டில்களின் அடியில் காலிப் பீப்பாய்களைக் கட்டினார்கள். ரெக்ஸ் கயிறு கயிறாக முடிச்சுப் போட, குமரிக்கரை முடிச்சும் தோர்விக் முடிச்சும் எது பெரிது என்று சண்டை பிடித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். பத்தாம் நாள் காலை மெரினை ஆரஞ்சுச் சட்டையோடு ஸ்டீக்கின் தோணியில் உட்கார்த்தினோம். தோணி நகர்ந்தது. கடல் அவளைச் சுற்றி எழும்பியது. எழும்பிய தண்ணீரில் ஏழு சிவப்புக் கொட்டில்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, சன்னல்களில் திரை ஆட, ஒன்றின் கூரையில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து சோம்பல் முறித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ள, பாலத்தின் மரங்கள் வாத்துக்குஞ்சுகள் மாதிரி பின்தொடர, கரையோரமாக ஊர் மொத்தமும் கம்பால் தள்ளிக்கொண்டும் பாடிக்கொண்டும் கூடவே நடக்க, ஒரு நாலு வயதுப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு துறை முழுவதும் வெளிப்பாறைக்குக் குடிபோயிற்று. பன்னிரண்டு நாற்பது படகை அங்கே, மெரின் இறங்கி ரொட்டி தின்னப் போனபிறகு, வெறும் கடலில் கட்டினார்கள். அடிவயிறு உரசவில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே மெரின் காட்டுக்குப் போகிற பையை மாட்டிக்கொண்டுவிட்டாள். அதற்குமுன் பாறைக்குப் போனோம். உளியும் சுத்தியலும் குன்வோர் கையில் ஒரு கித்தான் துணிக்குள் இருந்தன. தண்ணீருக்குள் நின்றுதான் வெட்ட வேண்டும், அதுதான் முறை. நான் விளிம்பில் நின்றேன். எட்டு வயது எனக்குள் திரும்பிப் பார்த்தது. குன்வோர் ஒன்றும் கேட்காமல் பின்னால் வந்து என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தார். தொந்தரவு இல்லையென்றால் என்று சொல்லவில்லை. நான் இறங்கினேன். முழங்கால்வரை குளிர் ஏறியது. கடல் என் காலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பூனைபோல அடங்கிற்று.

"பிறந்த வருடத்துத் தண்ணீர் இப்போது இருப்பதைவிட நான்கு நெல் மேலே," என்றார் குன்வோர் என் தோளுக்குப் பின்னாலிருந்து. "இரண்டு விரல் அகலம்."

நான் விரலை வைத்து அளக்கப் போனேன். அதற்குள் கடலே அந்த இரண்டு விரலை ஏறிக் காட்டி, நான் இந்த ஊர் லிபியில் அவள் பெயரின் ஐந்து எழுத்தையும் வெட்டி முடிக்கிறவரை ஒரு நூல் நகராமல் நின்றது. சரிவைவிட்டுத் தள்ளி நின்ற ரெக்ஸ் ஒவ்வொரு எழுத்துக்கும் சபாஷ் சொன்னார். மெரின் குப்புறப் படுத்து, கல்தூளை ஊதிவிட்டு, தன் பெயருக்குள் விரலை விட்டாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை போனாள். பிறகு மற்றப் பிள்ளைகள் செய்ததைப் போலவே, அம்மாவைத் தேடி மேலே ஊர்ந்தாள். தடவினாள். வெறும் பாறை.

"அம்மா, உன் பேரு எங்க?"

குன்வோர் உளியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார், கை நின்றது. கரையில் நின்றவர்கள் காப்பிக் கோப்பை இல்லாததால் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அதே மரியாதை. லினேயாவின் கயிற்றைப் பிடித்து ஐந்து பிள்ளைகள் சாலையில் காத்திருந்தார்கள். காலடியில் பார்த்தேன். கடல் இன்னும் இறங்கவில்லை. வேலை முடியாத ஆள் மாதிரி முழங்காலிலேயே நின்றது.

நான் கையை நீட்டினேன்.

"குன்வோர் அக்கா, அந்த உளியைச் சுத்தாதீங்க. நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருசம் ஆவுது. அந்த வருசத்துத் தண்ணி எதுவரைக்கும் நின்னுதுன்னு எனக்கும் கொஞ்சம் காட்டித் தாங்க."